முதலில் டேப், அப்புறம் பணம்

வீடு கட்டுகிறவர்களுக்குக் கடைசியாக வந்து சேரும் வேலை தோட்டம். கிரகப்பிரவேசம் முடிந்திருக்கும். கையிருப்பு கரைந்திருக்கும், பொறுமை அதற்கும் முன்பே கரைந்திருக்கும். வீட்டைக் கட்டிய இன்ஜினீயர் சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போயிருப்பார். அந்த நேரம் பார்த்து ஒருவர் வந்து, கைபேசியில் நாலு போட்டோவைக் காட்டி, "பதினைஞ்சே நாள்ல இதே மாதிரி பண்ணிரலாமுங்க" என்பார். பச்சைப் புல்வெளி, வளைந்து போகும் நடைபாதை, ஓரமெல்லாம் செம்பருத்தி. பார்த்ததும் முன்பணம் கொடுக்கத் தோன்றும்.

கம்பி எத்தனை கிலோ, சிமென்ட் எத்தனை மூட்டை என்று கறாராகக் கணக்குக் கேட்டவர்கள்கூட, தோட்டம் என்றதும் எதையும் கேட்பதில்லை. வரைபடம் கிடையாது, எஸ்டிமேட் கிடையாது, மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. மண்ணும் செடியும்தானே என்ற நினைப்பு. அதனால்தான் வீட்டு வேலைகளிலேயே அதிகம் பாதியில் நிற்பது இதுதானோ என்று தோன்றும் அளவுக்கு, பேசுகிற வீட்டிலெல்லாம் ஒரு தோட்டக் கதை இருக்கிறது.

நான் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் பில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். என் மேஜைக்கு எதிரே உட்காராத வகைக் காண்ட்ராக்டர் இல்லை. சொன்ன தேதிக்கு முடிப்பவர், சொல்லாமலே காணாமல் போகிறவர், கண்ணீர் விட்டே பில் வாங்குகிறவர், பில் வராவிட்டாலும் வேலையை நிறுத்தாதவர் என எல்லாரையும் பார்த்திருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. காண்ட்ராக்டர் நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. நாம் பணம் கொடுக்கும் முறைதான் அவரை நாணயமாக வைத்திருக்கும், அல்லது கெடுக்கும்.

ஒற்றை வரிக் கொட்டேஷன்

எங்கள் வீடு கோவைப் புறநகரில், கரிசல் பூமியில் இருக்கிறது. முன்புறம் 600 சதுர அடி புல்வெளி, பக்கவாட்டில் 350 சதுர அடிக்குப் பேவர் கல் பதித்த நடைபாதை, சுற்றுச்சுவர் ஓரமாகச் செடிகள், அவற்றுக்குச் சொட்டுநீர்க் குழாய். என் மகன் பெங்களூரில் இருந்தபடியே ஒருவரிடம் போனில் பேசி முடித்துவிட்டான். மொத்தம் 2,80,000 ரூபாய். முன்பணமாக 1,20,000 ரூபாய் போய்ச் சேர்ந்த பிறகு கொட்டேஷன் என் கைக்கு வந்தது. லெட்டர்பேடில் ஒரே வரி: 'கார்டன் ஒர்க் கம்ப்ளீட் – 2,80,000.'

ஆவணியில் ஆரம்பித்து, ஐப்பசி மழைக்கு முன் முடிப்பதாகப் பேச்சு. முதல் வாரம் சுறுசுறுப்பாகத்தான் நடந்தது. கட்டட இடிபாடுகளை அள்ளினார்கள், மட்டப்படுத்தினார்கள், செம்மண் வந்தது, பேவர் கல் வந்து இறங்கியது. அப்புறம் நாலு ஆள் இரண்டானது, இரண்டு ஒன்றானது, ஒன்றும் வராமல் போனது. போன் செய்தால், ஊரில் துக்கம், வண்டி ரிப்பேர், புல் நர்சரியில் ஸ்டாக் இல்லை, அமாவாசைக்கு ஆள் இறங்க மாட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும். சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

பணம் எங்கே போகிறது?

சின்னக் காண்ட்ராக்டர்களில் பலருக்குச் சொந்த முதல் கிடையாது. உங்கள் முன்பணத்தை வாங்கி, முந்தைய வீட்டில் பாக்கி நிற்கும் வேலையை முடிப்பார். உங்கள் வேலைக்குப் பணம் வேண்டுமென்றால் அடுத்த வீட்டில் முன்பணம் வாங்க வேண்டும். ஆகவே அவர் எப்போதும் புது வேலை தேடிக்கொண்டே இருப்பார். புது வீட்டுக்கு ஆள் அனுப்பினால்தான் அங்கே பணம் வரும். பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்ட உங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பி அவருக்கு என்ன லாபம்?

இதற்கு ஓர் அடையாளம் உண்டு. கூலி வாரக் கணக்கு. சனிக்கிழமை மாலை சம்பளம் போட்டாக வேண்டும். வாரம் முழுக்க எடுக்காத போன், சனிக்கிழமை மதியம் தானாகவே அடிக்கும்.

"அம்மா, ஆளுகளுக்குச் சம்பளம் போடோணுங்க. ஒரு முப்பது போட்டு உடுங்க. திங்கக்கிழமை முழு செட்டும் வந்துருமுங்க."

"தம்பி, இதுவரைக்கும் என்ன வேலை ஆச்சுன்னு நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் சேர்ந்து அளந்துக்கலாம். கணக்குல உங்களுக்குப் பாக்கி இருந்தா அந்த இடத்துலயே தந்தர்றேன்."

"அளக்கறதுக்கு என்னங்கம்மா இருக்குது? நம்பிக்கைதானுங்க."

"நம்பிக்கை இருக்குது தம்பி. அளவும் இருக்கட்டும்."

தடுமாறும் காண்ட்ராக்டர்களில் மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதல் வகைக்குப் பணம் இருக்கும், வேலை தெரியாது. இரண்டாவது வகைக்கு வேலை தெரியும், பணம் புரளாது. மூன்றாவது வகை வாங்கிக்கொண்டு ஓடுவதற்கென்றே வருவது. போனை எடுத்துச் சாக்குச் சொல்கிறவர் பெரும்பாலும் இரண்டாவது வகை. அவரோடு உட்கார்ந்து பேசினால் வேலையும் நடக்கும், பணமும் ஓரளவு மிஞ்சும். நம்பரையே மாற்றிக்கொண்டு, லெட்டர்பேடில் போட்ட முகவரியிலும் இல்லாதவர் மூன்றாவது வகை. அவரிடம் பேசிப் பயனில்லை. சட்டத்திடம் போக வேண்டியதுதான். எங்களுக்கு வாய்த்தவர் இரண்டாவது வகை, முதல் வகையின் குணமும் கொஞ்சம் கலந்தவர்.

அளவுப் புத்தகம் என்ற ஆயுதம்

பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. பக்கங்களுக்கு அச்சிலேயே எண் போட்டிருக்கும், கிழிக்க முடியாது. வேலை நடந்த இடத்தில் அளந்து, நீளம், அகலம், உயரம் என்று மையால் எழுத வேண்டும். மேலெழுதித் திருத்தக் கூடாது. தப்பென்றால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். மேலதிகாரி வந்து மறு அளவு பார்ப்பார். அதற்கப்புறம்தான் பில். முன்பணத்திலும் இதே கறார்தான். தளத்துக்கு வந்து இறங்கிய பொருளின் மதிப்பில் ஒரு பகுதியை முன்கூட்டிக் கொடுப்பது உண்டு. பொருளே வராமல் கொடுக்கும் முன்பணத்துக்கு பேங்க் கியாரண்டி கேட்பார்கள். ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, குறை தோன்றினால் சரிசெய்யும் காலம் முடிந்த பிறகே விடுவிப்பார்கள். இத்தனையும் இருந்தும் அரசாங்க வேலைகளில் ஓட்டை விழுவது எல்லாருக்கும் தெரியும். இது எதுவுமே இல்லாமல் நம் வீட்டு வேலை எப்படி ஒழுங்காக நடக்கும்?

கடையில் ஒரு கோடு போட்ட நோட்டும், முப்பதடி டேப்பும் வாங்கினேன். முதல் பக்கத்தில் செம்மண்.

மண், மணல், ஜல்லி எல்லாவற்றுக்கும் நம் ஊரில் 'யூனிட்' கணக்கு. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வண்டியின் உள்பக்க நீளம், அகலம், மண் நிரம்பியிருக்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி நூறால் வகுத்தால் யூனிட் வந்துவிடும். எங்களுக்கு வந்த டிப்பர் 10 அடி நீளம், 6 அடி அகலம், சமமாகத் தட்டிய பிறகு இரண்டரை அடி உயரம். ஆக 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். 'ரெண்டு யூனிட் லோடு' என்று சொல்லி வந்தது அது. இரண்டு லோடில் நாலு யூனிட் என்று அவர் எழுதிக்கொண்டார். என் நோட்டில் மூன்று. 600 சதுர அடிக்கு ஆறங்குல உயரம் மண் வேண்டுமென்றால் 300 கன அடி. கணக்குக்கு மூன்று யூனிட் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கொட்டிய மண் தண்ணீர் பட்டால் அமுங்கும். ஆறங்குலம் ஆறங்குலமாகவே நிற்க வேண்டுமென்றால் கூடுதலாகக் கால் பங்காவது வாங்க வேண்டும். அந்தக் கால் பங்கில்தான் மண் வியாபாரத்தின் லாபமெல்லாம் ஒளிந்திருக்கிறது.

அடுத்து நடைபாதை. 350 சதுர அடியில் 140 சதுர அடிக்குக் கல் பதித்திருந்தார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது. புரட்டாசியில் ஒரு மழை அடித்ததும் நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கியது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஒரு கல்லை வெளியே எடுத்தேன். கல் 60 மில்லிமீட்டர். நடைபாதைக்கு அது போதும். கார் ஏறும் இடமாக இருந்தால் 80 வேண்டும். கல்லுக்குக் கீழே விரல் தடிமனுக்குக் கிரஷர் டஸ்ட். அதற்குக் கீழே நேராகக் கரிசல் மண், கல்லின் அடியோடு பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கிராவல் படுகையே இல்லை.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் கல்லை நேரடியாக அடுக்கினால், ஒவ்வொரு பருவத்துக்கும் கல் ஒரு தடவை எழும்பி ஒரு தடவை இறங்கும். மேல் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் இடித்து, அதற்கு மேல் ஓர் அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரை டஸ்ட் பரப்பி, பிறகுதான் கல். இரண்டு ஓரத்திலும் கல் நகராமல் கெர்ப் கட்ட வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக நாலடிக்கு ஓர் அங்குலமாவது சாய்வு இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததுதான் முதலில் வெட்டுப்படும். ஆகவே மூடுவதற்கு முன் அளப்பது, மூடுவதற்கு முன் போட்டோ எடுப்பது என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள். போட்டோவில் டேப்பும் தெரிய வேண்டும்.

இன்னொன்றையும் அன்று கவனித்தேன். மட்டப்படுத்திய ஆட்கள் மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் மூடிமேலேயே செம்மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமான அமைப்பு அது. தோட்டக்காரர் கண்ணில் அது வெறும் பள்ளம். அதேபோல, தோட்டத்து மண் வீட்டின் பேஸ்மென்ட் மட்டத்தைத் தாண்டி ஏறக் கூடாது. ஏறினால் சுவரில் ஈரம் ஏறும், பெயின்ட் உரியும். இந்த இரண்டு இடத்திலும் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் ஆட்களுக்கும் புரியும்.

கோரையும் கொரியன் புல்லும்

புல் விஷயத்தில் அவசரம் ஆகாது. வெளியிலிருந்து வரும் செம்மண்ணோடு கோரைக் கிழங்கும் சேர்ந்தே வரும். மண்ணைக் கொட்டிய மறுநாளே புல்லைப் பதித்தால், சில வாரங்களில் புல்லுக்கு நடுவே கோரை ஈட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கும். மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கி மறுபடி முளைக்கும். மண்ணைப் பரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மூன்று வாரம் சும்மா போட்டுவைத்து, முளைக்கிற கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு, அப்புறம் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து புல் பதிப்பதுதான் முறை. 'பதினைஞ்சே நாள்ல' என்று சொல்லும் எவரும் இந்த வேலையைச் செய்யப்போவதில்லை என்று அர்த்தம்.

நர்சரிகளில் அதிகம் விற்பது கொரியன் புல். அதற்கு நல்ல வெயில் வேண்டும். வீட்டின் வடக்குப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் நிழல்தான் விழும், மரத்தடியும் அப்படியே. அங்கே பஃபலோ புல் தாங்கும், கொரியன் மஞ்சளித்துப் போகும். கையில் எது ஸ்டாக் இருக்கிறதோ அதைத்தான் காண்ட்ராக்டர் சிபாரிசு செய்வார். ஒரு நாள் முழுக்க எங்கே எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்று பார்த்துவிட்டு நாமே முடிவு செய்வது நல்லது. மண் பரிசோதனைக்கு கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்கள் இருக்கின்றன, செலவு அதிகமில்லை.

சேர்ந்து அளந்த காலை

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தேன். டேப்பின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடுத்தேன். அளவை அவரே சத்தமாகச் சொல்ல வேண்டும், நான் எழுதுவேன். சண்டைக்கு இடமில்லாத ஏற்பாடு இது. தன் வாயால் சொன்ன அளவை யாரும் மறுப்பதில்லை.

கணக்கு இப்படி வந்தது. செம்மண் மூன்று யூனிட், 3,500 வீதம் 10,500. சுத்தம் செய்து மட்டப்படுத்திய கூலி 9,000. பதித்த கல் 140 சதுர அடி. படுகை இல்லாததால் பதித்த கூலி கிடையாது, கல்லின் விலை மட்டும் 45 வீதம் 6,300. அடுக்கி வைத்திருந்த கல் 210 சதுர அடிக்கு 9,450. வந்து இறங்கிய செடிகள் 6,000. குழாய்கள் 4,000. மொத்தம் 45,250 ரூபாய். வாங்கியது 1,20,000. அவர் கையில் நிற்பது 74,750.

அவர் நோட்டை வாங்கி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "இவ்வளவுதானுங்களா ஆயிருக்குது?" என்று அவரே கேட்டார். கையில் வாங்கிய பணத்துக்கும் செய்த வேலைக்கும் உள்ள தூரம் பல காண்ட்ராக்டர்களுக்கே தெரிவதில்லை. கணக்கு எழுதும் பழக்கம் இல்லாததால் வரும் கேடு அது. திருட்டுத்தனம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டியிருந்தால் அன்று பேச்சே நடந்திருக்காது.

அதே இடத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினோம். இனி கையில் ரொக்கம் கிடையாது. கிராவலுக்கும் புல்லுக்கும் அவரே கடைக்காரருக்குப் பணம் கட்ட வேண்டும், அதை அவர் கையில் நிற்கும் தொகையில் கழித்துக்கொள்வோம். மிச்சத்தை அவர் எங்களுக்குத் தவணையாகத் தர வேண்டும், அல்லது கூலி வேலையாக ஈடு செய்ய வேண்டும். பேவர் முழுவதையும் எடுத்துப் படுகை போட்டு மறுபடி பதிக்க வேண்டும். ஏழு நாள் தொடர்ந்து ஆள் வராவிட்டால், எழுத்தில் தெரிவித்துவிட்டு வேறு ஆளை வைப்போம். கூடுதல் செலவு அவர் பொறுப்பு. அவர், நான், சாட்சி மூவரும் கையெழுத்துப் போட்டோம். அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி, 'சரிங்கம்மா' என்று பதிலும் வாங்கிக்கொண்டேன். பிரதி ஒன்று ஸ்பீடு போஸ்ட்டில் அவர் முகவரிக்குப் போனது.

முடிவில் அந்த 74,750 ரூபாயில், புல்லுக்கு 24,000, பேவர் மறுபதிப்புக்கு 17,500, கெர்ப் வேலைக்கு 8,500 என 50,000 ரூபாய்க்கு ஈடாகிவிட்டது. 15,000 பணமாகத் திரும்பி வந்தது. 9,750 வரவே இல்லை. அதை வாராக் கடனில் எழுதினோம். சொட்டுநீர் வேலைக்கு வேறு ஆளை வைத்தோம். சினிமா மாதிரி வெற்றி இல்லைதான். பாதியில் ஓடிப்போன வேலையில் இந்த அளவுக்கு மீட்டது நல்ல கணக்கு என்றே எங்கள் ஆபீஸில் சொல்வார்கள்.

ஒரு பக்க ஒப்பந்தம்

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்த இழுபறிக்கே போக வேண்டியதில்லை. வெள்ளைத்தாளில் ஒரு பக்கம் எழுதினால் போதும். என்ன எழுதுவது?

அளவோடு ஒரு கைப்படம். மண் எத்தனை அங்குலம், எந்தப் புல், செடிகளின் பெயரும் பை அளவும், பேவரின் தடிமன், அதற்குக் கீழே படுகை எவ்வளவு, சாய்வு எந்தப் பக்கம் என்ற விவரங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரேட். மொத்தத் தொகை மட்டும் எழுதியிருந்தால், வேலை பாதியில் நிற்கும்போது எவ்வளவு முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீரும் கரன்ட்டும் யாருடையது, குப்பை அள்ளுவது யார் என்பது. ஆரம்பிக்கும் தேதி, முடிக்கும் தேதி. அதோடு, 'குறித்த காலத்தில் முடிப்பது இந்த ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை' என்ற ஒரு வாக்கியம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவு காலத்தைப் பற்றியது. காலம் முக்கியம் என்று இரு தரப்பும் கருதியிருந்தால், தவறும்போது ஒப்பந்தத்தை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை வருகிறது. 73ஆவது பிரிவு நஷ்டஈடு கேட்க இடம் தருகிறது.

பணத்தைப் படிப்படியாகப் பிரியுங்கள். ஆரம்பத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். அதற்கப்புறம் பொருள் வந்து இறங்கினால் பொருளுக்கு, வேலை முடிந்தால் அளந்து வேலைக்கு. கடைசியில் பத்து சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்த பிறகு, புல் வேர் பிடித்த பிறகு கொடுங்கள். இரண்டு மாதத்துக்குள் பட்டுப்போகும் செடிக்கு மாற்றுச் செடி என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாப் பணமும் வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ போகட்டும். எதற்காக என்று குறிப்புப் பகுதியில் இரண்டு வார்த்தை எழுதுங்கள்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் வேண்டும். செடி வைத்த பிறகு இடத்தை மாற்றச் சொல்வதும், 'இதையும் சேர்த்துப் பண்ணிடுங்க' என்று சும்மா கேட்பதும் காண்ட்ராக்டரின் கணக்கைக் கவிழ்க்கும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ரேட் பேசி எழுதுங்கள். அளந்து சரியென்றால் அன்றே பணத்தைக் கொடுங்கள். அந்த சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் சித்தாள் வீட்டில் உலை வைக்கிறார்கள்.

பேச்சு முறிந்தால்

ஆளே கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தும் அசையவில்லை என்றால், முதலில் தேதியிட்ட கடிதம். என்ன ஒப்பந்தம், எவ்வளவு கொடுத்தோம், எவ்வளவு வேலை ஆயிற்று, எத்தனை நாளுக்குள் என்ன செய்ய வேண்டும் என்று நாலு பத்தியில் எழுதினால் போதும். வக்கீல்தான் எழுத வேண்டும் என்பதில்லை. வேறு ஆளை வேலைக்கு இறக்குவதற்கு முன், இருக்கிற நிலையை வீடியோ எடுத்து, சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று இன்னொரு காண்ட்ராக்டரிடமோ சிவில் இன்ஜினீயரிடமோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலையைத் தொட்டுவிட்டால் பழைய குறையை நிரூபிக்க முடியாது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 உங்களுக்குத் துணை நிற்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். காண்ட்ராக்டரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை. கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. மாவட்ட ஆணையத்தின் வரம்பு 50 லட்சம். பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். நீங்களே வாதாடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவும் பதிவு செய்யலாம். அதற்கும் முன்பாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதச் சம்பளத்துக்கு நீங்கள் வைத்துக்கொள்ளும் தோட்டக்காரர் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்; வேலையை ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறவர் வருவார்.

வழக்கு வேண்டாம், சமரசம் போதும் என்றால் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் வைத்துப் பேசி முடிக்க அங்கே வழி உண்டு, கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் சமரசத்துக்குக் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமமான மதிப்பு இருக்கிறது.

போலீஸுக்கு எப்போது போவது? வேலையை முடிக்காமல் விட்டது மட்டும் குற்றமாகாது. சிவில் விஷயம் என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள். ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு பொருந்தும். பொய் முகவரி, இல்லாத நிறுவனத்தின் பெயர், ஒரே நேரத்தில் பல வீடுகளில் பணம் வாங்கிக்கொண்டு மறைந்தது என்பவை அதற்கு ஆதாரமாகலாம்.

இந்தப் பாதைகளில் எதில் போனாலும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது ஒன்றுதான்: எழுத்தில் என்ன இருக்கிறது? தோட்டம் போட நினைப்பவர்கள் நர்சரிக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டும் டேப்பும் வாங்கிவிடுங்கள். அளக்காத வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அளந்து சரியாக இருக்கும் வேலைக்கு ஒரு நாளும் பணத்தை இழுத்தடிக்காதீர்கள்.